தபால்பெட்டியில் நான்கு பெயர்

எங்கள் தபால்பெட்டியில் நான்கு பெயர் ஒட்டியிருக்கிறது.
குடும்பப் பெயர் என்ற ஒன்று
இந்த ஊரில் அநேகமாக யாருக்கும் இல்லை.
நான் அஸ்மூந்தின் மகள் ஸ்டைனுன்.
அவன் ஹால்லின் மகன் தோர்கெல்.
மகள் பிரிந்தீஸும் மகன் கௌதியும்
தோர்கெலின் மகள், தோர்கெலின் மகன்.

ஒரே சோப்பில் குளித்தோம்.
ஆனால் லிஸ்பன் விமான நிலையத்தில்
நானும் மகளும் மட்டும் நின்றபோது
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
இரண்டு கடவுச்சீட்டையும் மாறிமாறிப் பார்த்து
இந்தக் குழந்தை உங்களுக்கு யார் என்றாள்.
என் கால்சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது குழந்தை.
அதைத்தான் சான்றாகக் காட்டினேன்.

தோர்கெல் இப்போது வேறொரு துறைமுகத்தில்.
அவன் பெயரை நான் இன்னும் சுரண்டி எடுக்கவில்லை.
குளிரில் பசை இறுகிவிட்டது
என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்.
கோடையில் யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு,
மீன் சூப் ஆறுவதற்குக்கூடக் காத்திராமல்
பிரிந்தீஸ் மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தாள்.
அப்பா பெயரை எடுத்துவிடப் போகிறேன்.
இனி நான் ஸ்டைனுனின் மகள்.
சந்தோஷம்தானே அம்மா?

சந்தோஷம் என்றேன்.
கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினேன்.

அப்படியானால் நீ எனக்கு யார் என்று கேட்டான் கௌதி.
பதிமூன்று வயது, வாய் நிறைய ரொட்டி.
அக்காடா, முட்டாள், என்றாள் அவள்.
அவனுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை.
என் பெயரை ஒருத்தி ஆயுசுக்கும் சுமக்கப் போகிறாள் என்றால்
அதற்குள் என்ன கட்டிவைத்திருக்கிறது என்று
பிரித்துக் காட்ட வேண்டாமா?

ஜனவரி. உனக்கு ஏழு வாரம்.
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன்
எங்கள் தெருவுக்குத் திரும்பிவரும் நாள்.
வீட்டுக்கு வீடு அப்பம் சுட்டுக் காபி போடுகிறார்கள்.
எல்லோரையும்போல நானும் உன்னைக் கம்பளியில் சுற்றி
தள்ளுவண்டியில் வாசலில் தூங்க வைத்தேன்.
குளிர்காற்று பிள்ளைக்கு நல்லது.

நீ விழித்தாய். அழுதாய்.
கேட்டது.
கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தேன்.
இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன்.
ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது,
உன் வண்டியின் கூரைமேல் பனியும்.
அழுவது யாருடைய குழந்தையோ என்பதுபோல
அவ்வளவு நிதானமாக இருந்தேன்.
கோபம்கூட இல்லை. அதுதான் இன்றும் பயம்.

மாடியிலிருந்து ஓடிவந்து உன்னைத் தூக்கியவன் தோர்கெல்.
காலில் காலுறை மட்டும்.
அதைப் பற்றி ஒரு சொல்
அன்றும் கேட்கவில்லை, சண்டைகளில்கூடக் கேட்கவில்லை.
ஏழு வருடம் கழித்துக் கிளம்பிப் போனவனும் அவனேதான்.
போகும்போது பூட்ஸின் கயிற்றைப்
பொறுமையாக, இரண்டு முடிச்சாகக் கட்டினான்.

உன் அப்பா, என்று ஆரம்பித்தேன்,
ஒருமுறை பனியில் காலுறையோடு ஓடினார்.
எதற்கு?
நீ அழுதாய்.
நீ எங்கே இருந்தாய்?

உள்ளே, என்றேன்.

சூப்பில் மிதந்த வெண்ணெயைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், கொஞ்சம் நேரம்,
கடைக்காரர் திருப்பித் தந்த சில்லறையை
எண்ணுவதுபோல.
ஏதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.
படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
எழுத்து சரியா பார்.

என் பெயரின் கடைசியில்
இரண்டு ன் வரவேண்டும். ஒன்றை விட்டிருந்தாள்.
இடமே இல்லை.
பேனாவை வாங்கி
அடுத்த எழுத்தின் தோளில் இடித்தபடி நிற்குமாறு
ஒன்றை நுழைத்து எழுதினேன்.